ஓவியத்தைப் பார்த்து நோய் சொல்லலாமா? கண் மருத்துவ மாணவியின் கேள்வி

நீலவிழி எழுதியது:

வணக்கம். நான் கண் மருத்துவத்தில் பி.ஜி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் தீசிஸ் தலைப்பு வேறு, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிக் கேட்க வரவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் வார்டில் ஒரு பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்தோம். கண்ணைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "என் வெள்ளைப் புடவை நீலம் போட்ட மாதிரி தெரியுதே." புரை முற்றிய லென்ஸ் மஞ்சளும் பழுப்புமாகி நீல நிறத்தைத் தடுத்துவிடும், அதை எடுத்ததும் நீலம் வெள்ளமாக உள்ளே வரும், இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான். ஆனால் பக்கத்தில் நின்ற சீனியர் ஒருவர், "மோனே கூட இதைத்தான் சொல்லியிருக்கார்" என்று பிரெஞ்சு ஓவியர் மோனேயைப் பற்றிச் சொன்னார். அன்றைக்குத் தொடங்கியது. டூட்டி முடிந்து தூக்கம் வராத நேரமெல்லாம் ஓவியர்களின் கண்ணைப் பற்றியும், ஓவியத்தில் இருக்கிறவர்களின் நோயைப் பற்றியும் மருத்துவர்கள் எழுதிய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல் கிரெக்கோவுக்கு சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் கோளாறு) இருந்தது, அதனால்தான் ஆட்களை நெட்டையாக வரைந்தார் என்கிறார்கள். வான்கோவின் மஞ்சளுக்கு டிஜிட்டாலிஸ் என்ற செடி மருந்து காரணம் என்கிறார்கள். ரெம்பிராண்ட் வரைந்த பைபிள் பெண் பத்சேபாளுக்கு மார்பகப் புற்றுநோய் என்கிறார்கள். படிக்கும்போது எல்லாமே நம்பும்படி இருக்கிறது, அதுதான் எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

கைடிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். நல்ல மனிதர், திட்டவில்லை, "இது பொழுதுபோக்கும்மா, ஆராய்ச்சி இல்லை" என்று முடித்துவிட்டார். நுண்கலை படித்த தோழி ஒருத்தியிடம் சொன்னால் அவள் கோபப்பட்டாள். "நீங்க யாரும் படத்தைப் பார்க்கறதே இல்ல, அதுக்குள்ள ஒரு பேஷன்ட்டைத் தேடறீங்க" என்றாள். அது இன்னும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உண்மையில் என் ஆசை நம்ம ஊர் விஷயம். தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளைப் பார்த்து, அவர்கள் கண்ணைப் படமாக வரையவைத்துக் குறிப்பும் எழுதிவைத்தார், அவை சரஸ்வதி மகாலில் இருக்கின்றன என்று படித்தேன். ஒரு கண் மருத்துவராக அதைப் பற்றி ஒழுங்காக ஒரு கட்டுரை எழுத வேண்டும். எனக்கு வரலாறும் தெரியாது, ஓவியமும் தெரியாது. இது ஆராய்ச்சிதானா, ஆராய்ச்சி என்றால் எங்கே தொடங்குவது, எந்தத் தப்பைச் செய்யக் கூடாது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பழைய ஸ்லிட்லாம்ப் எழுதியது:

நல்ல கேள்வி மா. நான் கண் டாக்டர், ஓய்வுபெற்று ஐந்து வருஷம் ஆகிறது. உன் பாட்டி சொன்ன அந்த நீலத்தை நானும் ஆயிரம் பேர் வாயால் கேட்டிருக்கிறேன்.

நீ சொன்ன பெயர்களையெல்லாம் ஒரே கூடையில் போடாதே, அதுதான் முதல் விஷயம். மோனே கதை வேறு, மற்றவர்கள் கதை வேறு. ஏன் என்று சொல்கிறேன்.

மோனேவுக்குப் புரை இருந்தது என்று யாரும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. 1912-லேயே மருத்துவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் என்றால் அவருக்கு நடுக்கம், பத்து வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டார். அவருடைய நெருங்கிய நண்பர் கிளெமான்சோ, பிரான்சின் பிரதமராக இருந்தவர், படிப்பால் மருத்துவர், அவர்தான் விடாமல் வற்புறுத்தினார். கடைசியில் 1923-ல் ஷார்ல் குத்தெலா என்ற கண் மருத்துவர் வலது கண்ணில் மட்டும் செய்தார், இடது கண்ணைத் தொட மோனே விடவே இல்லை. அந்தக் காலத்தில் உள்லென்ஸ் (கண்ணுக்குள் வைக்கிற செயற்கை லென்ஸ்) கிடையாது, ஹெரால்ட் ரிட்லி முதல் உள்லென்ஸை வைத்ததே 1949-ல்தானே. அதனால் மோனேவுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான். ஒரு கண்ணில் லென்ஸ் இல்லை, இன்னொரு கண்ணில் பழுப்பேறிய புரை. இரண்டு கண்ணுக்கும் இரண்டு உலகம். நிறம் சரியாகத் தெரியவில்லை, மஞ்சளாகத் தெரிகிறது, இப்போது எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று டாக்டருக்குக் கடிதம் எழுதினார், கலர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. அவர் போட்ட கண்ணாடி பாரிசில் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, அவர் 1918-க்கும் 1924-க்கும் இடையில் வரைந்த ஜப்பானியப் பாலம் படங்களைப் பார். அதே தோட்டம், அதே பாலம், ஆனால் 1899-ல் பச்சையும் நீலமுமாக வரைந்தவர் இப்போது சிவப்பும் துரு நிறமுமாகக் குழைத்திருக்கிறார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் மைக்கேல் மார்மர் என்ற விழித்திரை மருத்துவர், மோனே கண்ணுக்கும், பார்வை மங்கிய இன்னொரு பிரெஞ்சு ஓவியர் தெகா கண்ணுக்கும் அவர்கள் படங்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்று கணினியில் உருவாக்கிக் காட்டினார், 2006-ல் வெளிவந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், தெகாவின் பிற்காலப் படங்களில் நமக்கு முரட்டுக் கோடாகத் தெரிவது அவருடைய மங்கிய பார்வைக்கு வழுவழுப்பாகத் தெரிந்திருக்கும் என்பது. தேவையான அளவுக்குச் சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்கிற வாதம்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு மோனே பழைய படங்களை எடுத்துத் திருத்தினார், சிலவற்றை அழித்தும் விட்டார். அப்போது ஒரு படத்தில் எந்தத் தீட்டல் புரைக் கண்ணால் வந்தது, எது அதற்குப் பிறகு வந்தது? இதைச் சொல்லக் கண் மருத்துவம் போதாது, ஓவியத்தின் அடுக்குகளைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

எல் கிரெக்கோ விஷயத்துக்கு வா. 1913 வாக்கில் ஒரு ஸ்பானியக் கண் மருத்துவர் கிளப்பிய வாதம் அது. கொஞ்சம் யோசித்தால் உடைந்துவிடும். அவர் கண்ணுக்கு ஆள் நெட்டையாகத் தெரிந்தது என்றே வைத்துக்கொள். அந்த ஆளைத் துணியில் வரைந்து பார்க்கும்போது துணியில் இருக்கும் உருவமும் அதே கண்ணுக்கு நெட்டையாகத்தானே தெரியும்? சரியான அளவில் வரைந்தால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கோணல் இரண்டு பக்கமும் கழிந்துபோகும். அவர் நெட்டையாக வரைந்தது அவர் விரும்பி வரைந்தது. இத்தனைக்கும் நாமெல்லாம் தினமும் சிலிண்டர் பவர் எழுதுகிறவர்கள், இந்தச் சின்ன விஷயம் நம்மில் பலருக்குத் தோன்றாமல் போயிருக்கிறது.

வான்கோ கதையும் அப்படித்தான். கடைசி நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் காஷேயை வான்கோ வரைந்த படத்தில் மேஜைமேல் டிஜிட்டாலிஸ் செடி இருக்கிறது, உண்மை. அந்த மருந்து அதிகமானால் பார்வை மஞ்சள் பச்சையாகும், அதுவும் உண்மை, வில்லியம் வித்தரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785-லேயே எழுதிவைத்திருக்கிறார். இரண்டு உண்மையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முடிவுக்குத் தாவிவிட்டார்கள். வான்கோ காஷேயிடம் போனது 1890 மே மாதம், இறந்தது அதே வருஷம் ஜூலை. சூரியகாந்திப் பூக்களை ஆர்லில் வரைந்தது 1888-ல். காஷேயைப் பார்ப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே மஞ்சள் வந்துவிட்டது. தேதியைப் பார்த்திருந்தால் போதும்.

ஆகவே உன் கைடு சொன்னதில் பாதி சரி. படத்தை மட்டும் வைத்து நோய் சொல்வது பொழுதுபோக்கு. படத்தோடு கடிதம், மருந்துச் சீட்டு, கண்ணாடி, தேதி எல்லாம் வைத்துப் பார்ப்பது ஆராய்ச்சி. நீ சொல்கிற சரபோஜி படங்களோடு குறிப்பும் இருக்கிறதே, அதனால் நீ மோனே பக்கம் இருக்கிறாய். தைரியமாகச் செய்.

---

கரித்துண்டு எழுதியது:

நான் ஓவிய ஆசிரியர். பள்ளியில் 22 வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன், மாடலை உட்காரவைத்து வரைவதும் உண்டு. டாக்டர், உங்கள் தோழி கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்தை நான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பத்சேபாள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரெம்பிராண்ட் 1654-ல் வரைந்தது, லூவரில் இருக்கிறது. தாவீது ராஜாவின் கடிதம் கையில், துணியில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும், அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. 1983-ல் அறுவை மருத்துவர்கள் இருவர் இந்தப் படத்தைப் பார்த்து, இடது மார்பில் அக்குள் பக்கம் ஒரு குழிவும் நிற மாற்றமும் தெரிகிறது, மாடலாக உட்கார்ந்தவளுக்குப் புற்றுநோய் இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். மாடல் ரெம்பிராண்டோடு வாழ்ந்த ஹென்ட்ரிக்கியே ஸ்டாஃபல்ஸ் என்று பொதுவாக நம்புகிறார்கள், அதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. அவளாகவே இருந்தாலும் அவள் இறந்தது 1663-ல், ஒன்பது வருஷம் கழித்து, ஆம்ஸ்டர்டாமில் பிளேக் பரவிய நேரம். வைத்தியமே இல்லாத காலத்தில் வெளியே தெரிகிற அளவுக்கு முற்றிய புற்றுநோயோடு ஒன்பது வருஷமா? அதோடு 1654-ல் அவள் ஒரு பெண் குழந்தை பெற்றாள். பால் கட்டியிருக்கலாம், சீழ் வைத்திருக்கலாம் என்றும் வேறு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நான் சொல்ல வருவது அதைவிடச் சாதாரணமான விஷயம். கையைப் பின்னால் ஊன்றி உட்கார்ந்தால் அக்குள் ஓரத்தில் மார்பின் சதை இழுபட்டு ஒரு பள்ளம் விழும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் கருநிழலாகத் தெரியும். எந்த மாடலை உட்காரவைத்தாலும் தெரியும். வரைகிறவனுக்கு அந்த நிழல் ஒரு வரம், உடம்பு உருண்டு வருவதே அங்கேதான். அதில் போய்க் கட்டியைத் தேடினால் எங்களுக்கு எப்படி இருக்கும்? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ரெம்பிராண்ட் முதலில் தலையை இன்னும் நிமிர்த்தி வரைந்து, பிறகு தாழ்த்தியிருக்கிறார் என்று தெரிந்தது. அவர் கண்ணுக்கு எதிரே இருந்ததை அப்படியே நகல் எடுக்கவில்லை. யோசித்து மாற்றி மாற்றி வரைந்தார்.

நிறத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. நிறம் சாகும். வான்கோவின் படுக்கையறைப் படத்தில் சுவர் இப்போது நீலம். ஆனால் அவர் 1888-ல் எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா என்று எழுதியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளிறிப்போய் நீலம் மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கடிதம் இல்லாமல் யாராவது "வான்கோவுக்கு நீலப் பார்வை" என்று கட்டுரை எழுதியிருந்தால்? அவர் போட்ட குரோம் மஞ்சளும் பழுப்பாகும். எண்ணெய் ஓவியத்தின் மேல் பூசுகிற வார்னிஷும் வருஷம் ஆக ஆக மஞ்சளடிக்கும், வெள்ளைத் தோல் காமாலைத் தோலாக மாறிவிடும்.

ஆனால் டாக்டர்கள் படம் பார்ப்பதில்லை என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். ரெம்பிராண்டின் "டாக்டர் துல்ப்பின் உடற்கூறு பாடம்", 1632-ல் வரைந்தது. அதில் பிரேதத்தின் இடது முன்கை அறுத்துத் திறந்திருக்கும், துல்ப் தசையை இடுக்கியால் தூக்கிப் பிடித்திருப்பார். அந்தத் தசைகள் எலும்பில் தவறான பக்கத்திலிருந்து கிளம்புவதாக வரைந்துவிட்டார் என்று ரொம்ப நாளாக ஒரு சண்டை. 2006-ல் நெதர்லாந்தில் க்ரோனிங்கன் மருத்துவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, ஒரு பிரேதத்தின் இடது கையை அதே போல அறுத்து, அதே மாதிரி வைத்து, படத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். சில இடங்களில் படம் நிஜத்தோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினார்கள். அவர்கள் ரெம்பிராண்டைப் பார்த்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்தக் கையை அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டோம்.

நீங்கள் சரபோஜியின் படங்களைப் பார்க்கப் போனால் ஒரு வேலை செய்யுங்கள். குறிப்பேட்டில் நோயின் பெயரை எழுதுவதற்கு முன்னால் பென்சிலால் அந்தக் கண்ணை நீங்களே வரையுங்கள். அழகாக வர வேண்டாம். வரையும்போதுதான் ஓவியர் எதைப் பார்த்து வரைந்தார், எதைப் பழக்கத்தில் வரைந்தார் என்று கைக்குத் தெரியும். இமை மயிர் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அது பழக்கம். வெள்ளைவிழியில் ஒரு ரத்த நாளம் ஒரு படத்தில் மட்டும் வளைந்து போனால் அது பார்த்தது.

---

மதுரைக்காரன்77 எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதில் ஒரு கேள்வி, கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். அரசு ஆஸ்பத்திரி கண் ஓ.பி.யில் காலையில் ஏழு மணிக்கு வரிசை நிற்கிறது, என் அப்பா நின்றிருக்கிறார், ஒரு டாக்டர் நூறு பேரைப் பார்க்கிறார். அப்படி இருக்கையில் 200 வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர்களின் கண்ணைப் பார்க்க ஒரு டாக்டரின் நேரம் போக வேண்டுமா? இதனால் இன்றைக்கு வரிசையில் நிற்கிறவருக்கு என்ன கிடைக்கும்?

---

மோடிஎழுத்து எழுதியது:

மதுரைக்காரன் தம்பி, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பேஷன்ட் வாயிலிருந்து வருகிற ஒரு வாக்கியத்தை ஆறு மாதம் மனசில் வைத்துக்கொண்டிருக்கிற டாக்டர், வரிசையில் நிற்கிற உங்கள் அப்பாவின் வார்த்தையையும் காது கொடுத்துக் கேட்பார். எனக்குத் தெரிந்த பலன் அதுதான். அவர் தூங்க வேண்டிய நேரத்தில்தான் படிக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

நீலவிழி, நான் வரலாற்று ஆய்வாளர், தஞ்சை மராட்டியர் காலம் என் துறை. உன் கேள்வியைப் படித்ததிலிருந்து எழுத வேண்டும் என்று கை பரபரத்தது.

முதலில் ஒரு எச்சரிக்கைக் கதை. எகிப்து அரசன் அக்கெனாத்தனுடைய சிலைகளைப் பார்த்திருப்பாய், நீண்ட முகம், ஒடுங்கிய தோள், தொங்கும் வயிறு, பெண்ணைப் போல இடுப்பு. இதைப் பார்த்து எத்தனையோ மருத்துவர்கள் அவனுக்கு மார்ஃபான் நோய் (உடம்பும் கை கால்களும் நீளமாகிற பரம்பரை நோய்), ஹார்மோன் கோளாறு என்று எழுதித் தள்ளினார்கள். 2010-ல் அந்தக் குடும்பத்து மம்மிகளுக்கு சி.டி. ஸ்கேனும் மரபணுச் சோதனையும் செய்து முடிவு வெளியிட்டார்கள். அரசர் பள்ளத்தாக்கின் 55-ஆம் எண் கல்லறையில் கிடைத்த எலும்புக்கூடு அவனுடையதுதான் என்று அந்தக் குழு சொன்னது, அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த உடம்பில் மார்ஃபானுக்கான அடையாளம் இல்லை. அந்த உருவம் அவன் கொண்டுவந்த புது மதத்தின் கலைப்பாணி. மகாராணியும் பிள்ளைகளும் கூட அதே பாணியில்தான் செதுக்கப்பட்டிருக்கிறார்கள், குடும்பத்துக்கே ஒரே நோயா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் "அசிங்கமான சீமாட்டி" படமும் இதே வகை. க்வென்டின் மாட்சிஸ் 1513 வாக்கில் வரைந்தது. 1989-ல் அதைப் பார்த்து எலும்பு தடிக்கிற பேஜட் நோய் என்றார் ஒரு மருத்துவர். ஆனால் அதே முகம் லியொனார்டோ வட்டாரத்துக் கோட்டோவியம் ஒன்றிலும் இருக்கிறது. அவள் தலையில் இருக்கும் கொம்பு வைத்த தலையணி அந்தக் காலத்துக்கே பல பத்தாண்டு பழசு. கிழவியாகி இளமை வேஷம் போடுகிறவளைக் கேலி செய்கிற படம் அது என்று கலை வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். இல்லாத ஒருத்திக்கு நோய் கண்டுபிடித்தாயிற்றோ என்னவோ.

சரி, நம்ம சரபோஜிக்கு வருவோம். 1777-ல் பிறந்தவர், 1798 முதல் 1832 வரை மன்னர். 1799 ஒப்பந்தத்துக்குப் பிறகு நாட்டு நிர்வாகம் கும்பெனி கைக்குப் போய்விட்டது, கோட்டையும் அதைச் சுற்றியும்தான் அவருக்கு மிச்சம். அந்த மிச்சத்தில் அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு. சிறு வயதில் ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸிடம் படித்தவர், அதனால் ஐரோப்பியப் புத்தகமும் தெரியும், நாட்டு வைத்தியமும் தெரியும். தன்வந்திரி மகால் என்று ஒன்று வைத்தார், ஐரோப்பிய முறை, நாட்டு முறை இரண்டிலும் வைத்தியர்கள் அங்கே இருந்தார்கள், மனிதருக்கும் மருந்து, கால்நடைக்கும் மருந்து. அங்கே சோதித்த மருந்து முறைகளைத் தமிழ்ப் பாட்டாக எழுதவைத்தார், அதுதான் "சரபேந்திர வைத்திய முறைகள்", சரஸ்வதி மகால் பல தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறது. கண் நோய்க்கு அதில் தனிப் பகுதி உண்டு. நீ முதலில் வாங்க வேண்டிய புத்தகம் அது. பாட்டு என்று பயப்படாதே, மருந்துச் சரக்கும் அளவும் பக்குவமும்தான் பாட்டில் இருக்கும்.

படிக்கும்போது வார்த்தையில் ஏமாந்துவிடாதே. இதுதான் உன்னைப் போன்றவர்கள் வழுக்கி விழுகிற இடம். பழைய கண் வைத்தியத்தில் "காசம்" என்று வரும். இன்றைக்குக் காசம் என்றால் டி.பி. என்று ஒரு குழந்தையும் சொல்லும். ஆனால் அங்கே அது கண்ணில் வருகிற நோய், அதில் பல வகை. "படலம்" என்று வரும், "பூ" என்று வரும். சித்த மருத்துவம் கண் நோயை 96 என்று கணக்கிடுகிறது, உன் பாடப்புத்தகத்தின் பட்டியலோடு அதை ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்க்க முடியாது. "பூ" என்று எழுதியிருந்தால் அது கருவிழித் தழும்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும், ஆனாலும் கட்டுரையில் முதலில் "பூ" என்றே எழுது. அந்தக் காலத்து வைத்தியர் என்ன பார்த்தார் என்பது ஒரு பத்தி, நீ இன்றைக்கு என்ன நினைக்கிறாய் என்பது தனிப் பத்தி. இரண்டையும் கலந்து ஒரே வாக்கியத்தில் எழுதினால் அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

தஞ்சை அரண்மனை ஆவணங்களில் பெரும்பகுதி மராத்தியில், மோடி எழுத்தில் இருக்கிறது. மராத்தி தெரிந்தவருக்கே மோடி படிக்க வராது, கையெழுத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மோடி ஆவணங்களைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது, அந்தத் தொகுதிகளில் மருந்து வாங்கிய கணக்கு, வைத்தியர் சம்பளம் எல்லாம் வருகிறதா என்று பொறுமையாகப் புரட்டு. ஒரு நாள் பார்த்துவிட்டு போட்டோ எடுத்து வந்துவிடலாம் என்று நினைத்துப் போகாதே. முன்கூட்டியே நூலகத்துக்குக் கடிதம் எழுதி, என்ன பார்க்க வேண்டும், எதற்கு என்று தெளிவாகச் சொல்லிப் போ.

இன்னொன்று, இதை நீதான் சரியாகச் சொல்ல முடியும், எனக்கு அரைகுறைதான். கண்ணுக்குள்ளே விழித்திரையைப் பார்க்கிற கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல்தான் வெளியிட்டார், சரபோஜி இறந்து 19 வருஷம் கழித்து. அப்படியென்றால் சரபோஜியின் ஓவியர் கண்ணின் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்க முடியும், இல்லையா? புரை தெரியும், பூ தெரியும், சதை வளர்ந்தது தெரியும். விழித்திரை கெட்டுப்போய்ப் பார்வை இழந்தவரின் கண் வெளியே சாதாரணமாகத்தானே இருக்கும்? அந்தப் படத்தில் ஒன்றுமே வரைந்திருக்காது. ஆனால் பக்கத்தில் இருக்கிற குறிப்பில் "பார்வை இல்லை" என்று இருக்கலாம். படமும் குறிப்பும் ஒத்துப்போகாத அந்த மாதிரிப் பக்கங்களைத்தான் முதலில் தேடச் சொல்வேன்.

---

நீலவிழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மதுரைக்காரன் அண்ணா, உங்கள் கேள்வியை நானும் என்னையே கேட்டுக்கொள்கிறேன், ஓ.பி. நேரத்தில் இதைத் தொட மாட்டேன்.

மோடிஎழுத்து அக்கா, நீங்கள் கடைசியில் சொன்னதைப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆமாம் அக்கா, சரியாகத்தான் சொன்னீர்கள். கண்ணழுத்தம் மெல்ல மெல்ல நரம்பைக் கெடுத்திருந்தாலும் கண் வெளியே தெளிவாகத்தான் இருக்கும், அந்த ஓவியருக்கு வரைய ஒன்றும் இருந்திருக்காது. கண்ணழுத்தம் திடீரென்று ஏறியிருந்தால் மட்டும் கண் சிவந்து கருவிழி மங்கி வெளியே தெரியும். அதனால் நான் நோய்ப் பெயர் சொல்வதை விட்டுவிட்டு, "1851-க்கு முன்னால் ஒரு கண்ணைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்ள முடியும், எதைத் தெரிந்துகொள்ளவே முடியாது" என்று தொடங்கலாம் என்று நினைக்கிறேன். என் கைடுக்கு இது பிடிக்கும் என்று தோன்றுகிறது, அவர் குளுக்கோமா (கண்ணழுத்த நோய்) ஆள். பென்சிலும் நோட்டும் இன்றைக்கே வாங்கிவிட்டேன் சார்.

கரித்துண்டு சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். காமாலை வந்தால் வெள்ளைவிழி மஞ்சளாகும். படத்தில் வெள்ளைவிழி மஞ்சளாக இருந்தால் அது நோயா, தாள் பழுப்பானதா, எப்படிக் கண்டுபிடிப்பது?

---

கரித்துண்டு எழுதியது:

இப்போதுதான் படம் பார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள் டாக்டர்.

தாளில் வரைந்த படத்தில் வெள்ளைக்குத் தனியாக வண்ணம் போட்டிருக்கிறதா, இல்லை தாளையே வெள்ளையாக விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விட்டிருந்தால் வெள்ளைவிழியும் படத்தைச் சுற்றியுள்ள வெற்றுத் தாளும் ஒரே பழுப்பாக இருக்கும், அது தாளின் வயசு. வெள்ளைவிழி மட்டும் சுற்றுத் தாளைவிட மஞ்சளாக இருந்தால் ஓவியர் தூரிகையால் போட்டது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் போட்ட வண்ணத்தின் விளிம்பு தெரியும், நூலகத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். அப்புறம் தொகுப்பாகத் தைத்திருந்தால் தையல் ஓரம், முதுகுப் பக்கம் மடிந்திருக்கிற இடம், அங்கே வெளிச்சம் பட்டிருக்காது, தாளின் பழைய நிறம் அங்கே மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. எண்ணெய் ஓவியத்திலும் சட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கிற ஓரத்தில் பழைய நிறம் மிச்சம் இருக்க வாய்ப்பு உண்டு. அதே ஆள் வரைந்த வேறு நோயாளிகளின் கண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பத்துக் கண்ணில் ஒன்று மட்டும் மஞ்சள் என்றால் அந்தப் பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு இங்கே வந்து எழுதுங்கள்.